சாமியார் யாரோடு சாப்பிடுகிறார்? மறைமாவட்டக் குருக்களின் கூட்டு வாழ்வு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மகனைக் குருமடத்தில் சேர்க்க வரும் தாய்மார்கள் இறையழைத்தல் பற்றி என்னிடம் அதிகம் கேட்பதில்லை. "சாப்பாடு யார் செய்து போடுவார்கள் சாமி?" என்பார்கள். அடுத்து, "வயதான காலத்தில் யார் பார்த்துக்கொள்வார்கள்?" என்பார்கள். நான் மறைமாவட்டக் குருவாகி, அதாவது ஓர் ஆயரின் பொறுப்பில் உள்ள பகுதிக்கென்று குருவாகி, இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. இந்த இரண்டு கேள்விகளையும் முன்பெல்லாம் சிரித்துக் கடந்துவிடுவேன். இப்போது அப்படிச் செய்வதில்லை. பங்குகளிலும் (ஒரு கோவிலும் அதைச் சார்ந்த மக்களும் சேர்ந்தது பங்கு) இளையோர் கூட்டங்களிலும் கேட்கப்பட்ட மற்றக் கேள்விகளையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

மறைமாவட்டக் குருவுக்கும் துறவற சபைக் குருவுக்கும் என்ன வேறுபாடு?

இயேசு சபையினர், சலேசியர், கப்புச்சின் சபையினர் போன்றோர் கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் என்று மூன்று வார்த்தைப்பாடுகள் கொடுக்கிறார்கள். வீடு, பணம், சாப்பாடு எல்லாம் சபைக்குப் பொது. மறைமாவட்டக் குரு தன் ஆயருக்கும் அவருக்குப் பின் வரும் ஆயர்களுக்கும் கீழ்ப்படிவதாக வாக்களிக்கிறார், மணமுடிக்காமல் வாழ்கிறார். ஏழ்மை வார்த்தைப்பாடு அவருக்கு இல்லை. அப்பா எழுதி வைத்த அரை ஏக்கர் அவர் பெயரிலேயே இருக்கலாம். எளிமையாக வாழ வேண்டும் என்று திருச்சபைச் சட்டம் சொல்கிறது. ஆனால் சொத்தைப் பொதுவில் போடச் சொல்லவில்லை.

அப்படியென்றால் அவர் தனியாக வாழ்வதுதானே முறை?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள், குருக்கள் உட்பட. "கூட்டு வாழ்வு துறவிகளுக்கு, நமக்குப் பங்கு இருக்கிறது" என்று என்னோடு படித்தவர்களே சொல்லிக் கேட்டிருக்கிறேன். சட்டம் வேறு மாதிரி சொல்கிறது. 1983இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் வெளியிட்ட திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 280ஆம் எண், ஏதேனும் ஒரு வகையில் சேர்ந்து வாழும் வழக்கத்தைக் குருக்களுக்கு மிகவும் பரிந்துரைக்கிறது. அந்த வழக்கம் ஏற்கெனவே இருக்கும் இடங்களில் அதை இயன்றவரை கைவிடக் கூடாது என்றும் சொல்கிறது. 550ஆம் எண் பங்கு இல்லத்துக்குள்ளேயே வந்துவிடுகிறது: பங்குத்தந்தையும் உதவிப் பங்குத்தந்தையும் அங்கே ஓரளவு கூட்டு வாழ்வு வாழ்வதை ஆயர் ஊக்குவிக்க வேண்டும்.

"ஏதேனும் ஒரு வகையில்" என்பதற்கு என்ன பொருள் என்பதை 1965 டிசம்பர் 7 அன்று, உலகெங்கும் உள்ள ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் குருக்களின் பணி பற்றி வெளியிட்ட ஏட்டில் பார்க்கலாம். அதன் 8ஆம் பத்தி மூன்று வழிகளைக் காட்டுகிறது. முடிந்தால் ஒரே வீட்டில் வாழுங்கள். முடியாவிட்டால் ஒரே பந்தியில் சாப்பிடுங்கள். அதுவும் முடியாவிட்டால் அடிக்கடி, முறைவைத்து, கூடுங்கள். மூன்றில் நடுவில் இருப்பதுதான் என் கண்ணில் பெரியது. ஒரே கூரைக்குக் கீழே இருந்துகொண்டு தனித்தனியாகச் சாப்பிடும் இருவரை நான் பார்த்திருக்கிறேன். அந்த இருவரில் ஒருவனாகவும் இருந்திருக்கிறேன்.

இது சங்கத்துக்குப் பிறகு வந்த புதுப் பேச்சா?

ஆயிரத்து அறுநூறு ஆண்டுப் பழைய பேச்சு. வட ஆப்பிரிக்காவில், இன்றைய அல்ஜீரியாவின் அன்னாபா நகரம் அன்று ஹிப்போ. புனித அகுஸ்தினார் 391இல் அங்கே குருவானார். சில ஆண்டுகளில் ஆயரானார். ஆயர் இல்லம் என்றால் விருந்தாளிகள் வந்துபோய்க்கொண்டே இருப்பார்கள். அமைதியான துறவு மடத்துக்கு அது ஒத்துவராது. ஆகவே அவர் ஆயர் இல்லத்தையே தம் குருக்கள் தம்மோடு வாழும் வீடாக்கிக்கொண்டார். அங்கே வாழ்ந்து, பின்னர் ஆயரான பொசிதியுஸ் அந்த வீட்டைப் பற்றி விவரமாக எழுதி வைத்திருக்கிறார்.

கரண்டி மட்டும் வெள்ளி. மற்றப் பாத்திரங்கள் மண், மரம், பளிங்கு. சாப்பாடு பெரும்பாலும் காய்கறியும் பருப்பும். விருந்தாளிக்கும் நோயாளிக்கும் இறைச்சி உண்டு. திராட்சை மது எப்போதும் உண்டு, ஆனால் கணக்கு உண்டு; சத்தியம் செய்து பேசுபவருக்கு அந்தக் கணக்கில் ஒரு கிண்ணம் குறையும். இவற்றையெல்லாம்விட எனக்குப் பிடித்தது சாப்பாட்டு மேசையில் எழுதியிருந்த ஈரடி. அந்த இடத்தில் இல்லாதவர்களின் வாழ்வைப் பேச்சால் கடித்துத் தின்ன விரும்புகிறவனுக்கு இந்த மேசையில் இடமில்லை என்பது அதன் கருத்து. ஒருமுறை அகுஸ்தினாருக்கு நெருக்கமான ஆயர்கள் சிலரே அதை மறந்து வம்பு பேசினார்கள். "இந்த வரிகளை அழித்துவிடுங்கள், இல்லையென்றால் நான் பாதிச் சாப்பாட்டில் எழுந்து என் அறைக்குப் போகிறேன்" என்று அவர் கோபப்பட்டாராம். தாமும் பந்தியில் இருந்தவர்களோடு அதைக் கண்டதாகப் பொசிதியுஸ் எழுதுகிறார்.

குருக்கள் நான்கு பேர் சேர்ந்து சாப்பிடும்போது ஐந்தாவது குருவைப் பற்றிப் பேச்சு வராமல் இருப்பது அபூர்வம். ஐந்தாம் நூற்றாண்டிலும் அப்படித்தான் இருந்திருக்கிறது என்பதில் எனக்கு ஒரு சின்ன ஆறுதல்.

சொத்து விஷயத்தை அகுஸ்தினார் எப்படிச் சமாளித்தார்?

சுலபமாக இல்லை. தம்மோடு வாழும் குருக்கள் எல்லாவற்றையும் துறந்துவிட்டே வர வேண்டும் என்று விதி வைத்திருந்தார். யனுவாரியுஸ் என்ற குரு அப்படி வந்தவராகவே எல்லாருக்கும் தெரிந்தது. ஆனால் ஒரு தொகையைத் தம் மகளுடையது என்று சொல்லித் தனியே வைத்திருந்தார். மகளும் மகனும் மடங்களில் இருந்தார்கள். சாகும் தறுவாயில் அது தம் பணம்தான் என்று உயில் எழுதி, பிள்ளைகள் இருவரையும் ஒதுக்கிவிட்டுத் திருச்சபைக்கு விட்டுப்போனார். அகுஸ்தினார் அந்தப் பணத்தை வாங்க மறுத்துவிட்டார். 425ஐ ஒட்டி, தம் மக்களைக் கூட்டி வைத்து, மறைக்காமல் இந்தக் கதையைச் சொன்னார். கூடவே ஒன்றைச் சொன்னார்: சொந்தமாக ஏதாவது வைத்துக்கொள்ள விரும்பும் குரு வெளியே போய் வாழட்டும், அதற்காக அவருடைய குருத்துவத்தைப் பறிக்கப் போவதில்லை, இங்கே வேடக்காரர்கள் வேண்டாம். முன்பு கடுமையாக இருந்தவர், இப்போது விதியைத் தளர்த்தினார்.

ஆயர் தம் வீட்டு அவமானத்தைப் பீடத்திலிருந்து மக்களிடம் சொன்னார் என்பதை நினைத்தால் இன்றைக்கும் வியப்பாக இருக்கிறது. நாமாக இருந்தால் ஒரு விசாரணைக் குழு போட்டிருப்போம்.

நம் பக்கத்தில் இப்படி வாழ்ந்த குருக்கள் உண்டா?

உண்டு. கோவாவைச் சொல்ல வேண்டும். அதற்கு முன் ரோமையில் இரண்டு நிமிடம் நிற்போம்.

பதினாறாம் நூற்றாண்டில் புனித பிலிப்பு நேரியைச் சுற்றி ரோமையில் சில மறைமாவட்டக் குருக்கள் சேர்ந்தார்கள். வார்த்தைப்பாடு எதுவும் இல்லை. அன்பு மட்டுமே கட்டு. ஒரே வீடு, ஒரே பந்தி. 1575இல் திருத்தந்தை பதின்மூன்றாம் கிரகோரி இந்த 'ஒரத்தோரி' அமைப்பை ஏற்றுக்கொண்டார். வீட்டு வேலை முறைவைத்து எல்லாருக்கும் வரும். திருச்சபை வரலாற்றைப் பல தொகுதிகளாக எழுதி, பின்னர் கர்தினாலான பரோனியுஸ் அடிக்கடி அடுப்படியில் மாட்டிக்கொண்டு, 'பரோனியுஸ், நிரந்தரச் சமையற்காரன்' என்று அங்கே எழுதி வைத்தார் என்று ஒரு கதை வழங்குகிறது.

இனி கோவா. போர்த்துக்கீசியர் ஆட்சியில் துறவற சபைகள் உள்ளூர் இந்தியர்களைப் பெரும்பாலும் சேர்த்துக்கொள்ளவில்லை. கோவாக்காரர் குருவாகலாம், ஆனால் சபைத் துறவியாக முடியாது. பழைய கோவாவில் அற்புதத் திருச்சிலுவை ஆலயத்தை ஒட்டி உள்ளூர்க் குருக்கள் சிலர் கூடி வாழ முயன்றார்கள். 1685இல் அவர்களோடு வந்து சேர்ந்தார் யோசேப்பு வாஸ், கோவாவின் பெனோலியில் 1651இல் பிறந்தவர். குழு அவரையே தலைவராக்கியது. லிஸ்பனில் இருந்த ஒரத்தோரி இல்லத்தின் விதிமுறைகளைத் தருவித்து அந்த வாழ்வுக்கு ஓர் ஒழுங்கு கொடுத்தார். பிறர் மூடிய கதவுக்கு முன்னால் உட்கார்ந்து அழாமல், மறைமாவட்டக் குருக்களுக்கு ஏற்ற வாசலைத் தாங்களே திறந்துகொண்டார்கள்.

இந்த வீட்டிலிருந்துதான் யாழ்ப்பாணத்துக்குப் பாதை போகிறது. ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) இலங்கைக் கரையோரங்களில் கத்தோலிக்கக் குருக்களைத் தடைசெய்திருந்தார்கள். வாஸ் 1687இல் பிச்சைக்காரர் வேடத்தில் யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தார், தமிழ் கற்றார், அங்குள்ள சில்லாலை ஊரில் கத்தோலிக்கர்கள் அவரை மறைத்து வைத்துக் காத்தார்கள். பிறகு புத்தளம், 1692இல் கண்டி, அங்கே உளவாளி என்று சிறை. கோவா இல்லத்திலிருந்து அவருக்குத் துணையாகக் குருக்கள் வந்து சேர ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் ஆயின.

இந்த ஒன்பது ஆண்டுகளை நான் பல முறை எண்ணிப் பார்த்ததுண்டு. ஒரு குரு ஊருக்கெல்லாம் பாவமன்னிப்பு வழங்கலாம். தனக்குத் தானே வழங்கிக்கொள்ள முடியாது. அதற்கு இன்னொரு குரு வேண்டும். வாஸ் 1711 சனவரி 16 அன்று கண்டியில் இறந்தபோது அவரைச் சுற்றி அவருடைய இல்லத்துக் குருக்கள் இருந்தார்கள். யாக்கோமே கொன்சால்வெஸ் அவர்களுள் ஒருவர். சிங்களத்திலும் தமிழிலும் நூல்கள் எழுதியவர். 2015 சனவரி 14 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் கொழும்பில் வாஸைப் புனிதராக அறிவித்தார். கோவா இல்லம் மட்டும் நிலைக்கவில்லை. 1834இல் போர்ச்சுகல் அரசு ஆண்களின் துறவற இல்லங்களையெல்லாம் மூடியபோது அதுவும் அந்தக் கணக்கில் போய்விட்டது.

எங்கள் மறைமாவட்டத்தில் பங்குக்குப் பங்கு இருபது, முப்பது கிலோமீட்டர். ஒரே வீட்டில் எப்படி வாழ்வது?

வாழ முடியாது, மூன்றாவது வழிதான். அதற்கு நான் அறிந்த நல்ல வடிவம் 1951இல் பிரான்சில் தொடங்கிய 'இயேசு காரித்தாஸ்' குருக்கள் சகோதரத்துவம். சார்லஸ் தெ ஃபூக்கோவின் வழியைப் பின்பற்றுவது. அவர் பிரெஞ்சுப் படை அதிகாரியாக இருந்து, மனம் மாறி, 1901இல் விவியே மறைமாவட்டத்துக்காகக் குருப்பட்டம் பெற்று, சகாராவில் போய் வாழ்ந்தவர். கூடி வாழும் சகோதரர்களுக்காக விதிமுறைகள் எழுதினார். ஒருவரும் வந்து நிலைக்கவில்லை. 1916 டிசம்பர் 1 அன்று தமன்ராசெத்தில் சுட்டுக் கொல்லப்பட்டபோது தனியாகத்தான் இருந்தார். அவரை வைத்துக் குருக்கள் கூடத் தொடங்கியது அதற்கு முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து. நம் நட்டாலம் தேவசகாயம் பிள்ளை புனிதராக அறிவிக்கப்பட்ட அதே 2022 மே 15 அன்று, அதே திருப்பலியில், இவரும் புனிதரானார்.

செய்முறை எளிது. ஐந்தாறு குருக்கள் மாதம் ஒரு நாள் கூடுகிறார்கள். ஒரு மணி நேரம் நற்கருணை முன் பேசாமல் இருக்கிறார்கள். பிறகு ஒவ்வொருவரும் அந்த மாதத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறார்: ஒரு சாவு வீடு, ஒரு சண்டை, தன் கோபம். மற்றவர்கள் அறிவுரை சொல்லக் கூடாது. குருக்களுக்கு இதைவிடக் கடினமான தவம் எதுவும் கிடையாது. பின்பு சேர்ந்து சாப்பாடு. 'பாலைவன நாள்' என்று தனிமையில் செபிக்க ஒரு நாள், வாய்ப்பிருந்தால் 'நாசரேத்து மாதம்' என்று ஒரு மாதம் ஒன்றாக வாழ்வதும் உண்டு.

மாதத் தியானத்துக்கும் மறைவட்டக் கூட்டத்துக்கும் குருக்கள் கூடுகிறார்களே, அது போதாதா?

போதாது. பக்கத்துப் பங்குகள் சில சேர்ந்தது மறைவட்டம். அதன் கூட்டத்தில் சுற்றறிக்கை வாசிக்கிறோம், கணக்குக் கொடுக்கிறோம், சாப்பாட்டை முடித்துக்கொண்டு மூன்று மணிக்கெல்லாம் வண்டியை எடுத்துவிடுகிறோம்.

ஒரே இல்லத்தில் இருக்கும் இரு குருக்களுக்குள் ஏன் ஒத்துப்போவதில்லை?

மக்கள் கொள்கை வேறுபாடு என்று நினைத்துக்கொள்கிறார்கள். நான் கண்ட வரையில் காரணங்கள் நான்கு: சாவி, பைக், சமையற்காரர், சாப்பாட்டு நேரம். அலுவலக பீரோவின் சாவி யாரிடம்? பங்கின் ஒரே பைக்கில் யார் கிளைக் கிராமத்துக்குப் போவது? சமையற்காரர் யார் பேச்சைக் கேட்பார்? இவற்றோடு ஐந்தாவதாகச் சின்னச் சாமியான உதவிப் பங்குத்தந்தையின் பாடகர் குழுவில் கூட்டம் சேர்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

நான் உதவிப் பங்குத்தந்தையாகப் போன முதல் இடத்தில், பெரியவர் பன்னிரண்டரை மணிக்குத் தட்டில் உட்கார்ந்துவிடுவார். நான் கிளைக் கிராமத்துத் திருப்பலி முடித்து வர இரண்டு ஆகும். என் தட்டு மூடி வைத்திருக்கும். எட்டு மாதத்தில் பத்து முறை சேர்ந்து சாப்பிட்டிருந்தால் அதிகம். எங்களுக்குள் ஒரு சண்டையும் வந்ததில்லை. சண்டை போடுமளவுக்குக் கூட நாங்கள் பழகவில்லை. பல ஆண்டு கழித்து எனக்கு ஓர் உதவிக் குரு வந்தபோது, நானும் பன்னிரண்டரைக்கே உட்கார்ந்தேன். மூன்றாம் நாள் சமையல் அக்கா சாம்பாரை எடுத்து வைக்காமல் நின்றார். "சின்னச் சாமி வந்த பிறகு சாப்பிடுங்களேன் சாமி. ஆறினால் நான் சுட வைத்துத் தருகிறேன்." குருமடத்தில் ஒன்பது ஆண்டுகள் படித்து எனக்குத் தெரியாமல் போன பாடம் அது.

பங்குத்தந்தையரின் பாதுகாவலரான ஜான் மரிய வியான்னிக்கும் இதில் விலக்கு இல்லை. பிரான்சின் ஆர்ஸ் ஊரில் 1845இல் அவருக்கு உதவியாக வந்த குரு எட்டு ஆண்டுகள் அவரைப் படாதபாடு படுத்தினார். வியான்னி அவரைப் பற்றி ஆயரிடம் குறைகூறாமல் சேர்ந்தே இருந்தார். நான் அவ்வளவு தூரம் போயிருக்க மாட்டேன்.

நண்பர்களான குருக்கள் கூடிக்கொள்வதும் சகோதரத்துவமும் ஒன்றா?

இல்லை. இதைச் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். நம்மிடம் நண்பர் வட்டங்களுக்குக் குறைவில்லை. ஒரே குருமட ஆண்டு, ஒரே வட்டாரம், பல நேரங்களில் ஒரே சாதி. அந்த வட்டத்துக்குள் பாசம் பொங்கும், விருந்து நடக்கும், மாற்றல் பட்டியல் வருவதற்கு முன்பே அலசப்படும். வட்டத்துக்கு வெளியே இருப்பவர் காய்ச்சலில் கிடந்தால் செய்தி கூட வராது. குருப்பட்டத் திருப்பலியில் ஆயர் தலைமேல் கைவைத்த பின், அங்கிருக்கும் குருக்கள் எல்லாரும் வரிசையாக வந்து கைவைக்கிறார்கள். அந்த வரிசையில் சாதி பார்த்துக் கை எடுப்பதில்லை. அன்று என் தலையில் கைவைத்தவர்களில் பாதிப் பேரின் பெயர் கூட எனக்குத் தெரியாது. சகோதரர்கள் என்று சங்கம் சொல்வது அவர்களையும் சேர்த்துத்தான்.

சேர்ந்து வாழும்படி ஆயர் கட்டளையிடலாமா?

சட்டம் பரிந்துரைக்கிறது, கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் யாரை யாரோடு நியமிப்பது என்பது ஆயர் கையில் இருக்கிறது. பங்குத்தந்தை கோவிலுக்கு அருகே பங்கு இல்லத்தில் வசிக்க வேண்டும் என்பது விதி. பல குருக்கள் சேர்ந்து வாழும் ஒரு வீட்டிலிருந்து பணிக்குப் போய்வர ஆயர் விலக்குக் கொடுக்கலாம் என்று 533ஆம் எண் இடம் விடுகிறது. நகரங்களில் இதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். நாலு தெருவுக்கு ஒரு பங்கு, ஒவ்வொன்றிலும் ஒரு குரு, ஒவ்வொருவருக்கும் ஒரு குக்கர் என்று இருக்கிறோம்.

நோயில் விழுந்தால், வயதானால் யார் பார்த்துக்கொள்வார்கள்?

தாய்மார்கள் கேட்ட இரண்டாம் கேள்விக்கு வந்துவிட்டோம். ஓய்வுபெற்ற குருக்களுக்கு மறைமாவட்டங்கள் இல்லம் வைத்திருக்கின்றன. மருத்துவச் செலவுக்கும் ஏற்பாடு உண்டு. சட்டத்தின் 555ஆம் எண் மறைவட்ட அதிபருக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறது: தம் மறைவட்டத்தில் ஒரு பங்குத்தந்தை கடுமையாக நோயுற்றால், அவருக்கு ஞான உதவியும் பொருளுதவியும் குறைவின்றிக் கிடைக்கப் பார்க்க வேண்டும்; இறந்தால் அடக்கம் மதிப்போடு நடக்கப் பார்க்க வேண்டும். உடனேயே, அந்தச் சமயத்தில் பங்கின் பதிவேடுகளும் திருப்பொருள்களும் காணாமல் போகாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. எழுதியவர்கள் உலகம் தெரிந்தவர்கள்.

பணம் ஏற்பாடு செய்யலாம். மருத்துவமனையில் இரவு பக்கத்துக் கட்டிலில் படுப்பதற்கு ஆள் வேண்டுமே? அண்ணன் தம்பி பிள்ளைகள் வேலை வேலை என்று வெளியூரில் இருக்கிறார்கள். அறுவை சிகிச்சைக்காக நான் நான்கு நாள் படுத்திருந்தபோது, இரவில் முறைவைத்து வந்தவர்கள் மூன்று குருக்கள். மூவரும் என் நண்பர் வட்டத்தில் இல்லாதவர்கள். எங்கள் மாதக் கூடுகையில் இருந்தவர்கள்.

எங்கள் பங்கில் இரண்டு குருக்கள் இருக்கிறார்கள். மக்களாகிய நாங்கள் என்ன செய்யலாம்?

நிறையக் கெடுக்கலாம், அதை முதலில் நிறுத்தலாம். ஒருவரிடம் போய் மற்றவரைப் பற்றிச் சொல்வதைவிடத் திறமையாக ஒரு பங்கு இல்லத்தை உடைக்கும் வழி இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. "உங்கள் பிரசங்கம்தான் சாமி பிரசங்கம்" என்பதும் கோள்தான். பாராட்டுப் போல வரும் கோள். பங்குப் பேரவையில் ஒருவர் மறுத்ததை இன்னொருவரிடம் போய் அனுமதி வாங்காதீர்கள். திங்கட்கிழமை மதியம் இல்லத்து வாசலில் நாலைந்து பைக் நின்றால், ஞானஸ்நானச் சான்றிதழுக்கு மறுநாள் வாருங்கள்.

இன்னொன்று. புதுமனை புகுவிழாவுக்கும் மந்திரிப்புக்கும் விருந்து வைத்துவிட்டு, கோவிலுக்குச் சாப்பாடு அனுப்பும்போது பெரிய சாமிக்கு ஒரு கேரியர், சின்னச் சாமிக்கு ஒரு கேரியர் என்று தனித்தனியே கட்டி அனுப்புகிறீர்கள். அவரவர் கேரியரை அவரவர் அறைக்கு எடுத்துப் போய்விடுகிறோம். ஒரே கேரியராகக் கட்டுங்கள்.